பாங்காக்கில் ஒரு பவளக்கால் ஊஞ்சல்

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். திருநெல்வேலியிலிருந்து என்னோடு ஒரு மாதம் இருக்க வந்திருந்த ஆச்சிக்கு பாங்காக்கில் ஒரே குறை, விடியற்காலையில் கோயில் மணி கேட்கவில்லை என்பதுதான். ஊரில் இருந்தால் இந்நேரம் குளித்து முடித்து, நெல்லையப்பர் கோயிலில் திருவெம்பாவை பாடிக்கொண்டிருப்பாள். வயது எழுபத்தெட்டு. இருபது பாட்டும் மனப்பாடம். ஒரு நாள் லீவு போட்டேன். "எங்கயும் ஓட வேண்டாம்லே, மெதுவாப் போவோம்" என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டாள்.

காலையில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் 'வாட் கேக்' என்பார்கள். வாசலில் செவ்வந்தி, தேங்காய், வாழைப்பழம் வைத்த தட்டுகளை விற்கிறார்கள். கோபுரமும் உள்ளே அர்ச்சகரும் நம்மூர்தான், கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். ஆபீஸ் உடையில் ஒரு பெண் தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடி, கைகூப்பியபடி அசையாமல் இருந்தாள். ஆச்சி அம்மனைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்த நேரம்தான் அதிகம். "நம்ம ஊர்ல இப்படி நிம்மதியா உக்கார விடுவானா? நகருங்க நகருங்கம்பான்" என்றாள்.

அப்புறம் ஒரு டாக்ஸி பிடித்து, 'சாவோ சிங் சா' போனோம். பெரிய ஊஞ்சல் என்று பொருள். முதலாம் ராமர் என்கிற சயாம் மன்னர் 1784இல் நிறுத்தியது. இப்போது இருப்பது 2007இல் ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு புதிதாகச் செய்தது. சாலை நடுவே ஓங்கி நிற்கிற இரண்டு சிவப்புக் கால்கள், மேலே வேலைப்பாடு செய்த குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். சுற்றிலும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆச்சி முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"பலகை எங்கலே? கயிறு?"

கதையைச் சொன்னேன். வருஷத்துக்கு ஒருமுறை சிவபெருமான் பத்து நாள் பூமிக்கு வருகிறார் என்பது இவர்கள் நம்பிக்கை. அவரை வரவேற்கிற விழாவில் ஆட்கள் இந்த ஊஞ்சலில் ஏறி உயர உயர ஆடி, எதிரே மூங்கில் கழியில் கட்டியிருக்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். விழா மட்டும் பக்கத்துக் கோயிலில் அரண்மனைப் பிராமணர்களால் இன்றும் நடக்கிறது. அந்த விழாவின் பெயர் த்ரியம்பவாய்.

ஆச்சி சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்ன?"

"திருவெம்பாவைதான் ஆச்சி. அதைத் தொடர்ந்து பெருமாளுக்கு த்ரிபவாய். அது நம்ம திருப்பாவை."

அவள் எதுவும் பேசவில்லை. மறுபடியும் அண்ணாந்து அந்தச் சிவப்புக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்: "சீரார் பவளங்கால் முத்தம் கயிறாக..."

திருப்பொன்னூசல். அதுவும் மாணிக்கவாசகர் பாடியதுதான். பவளத்தில் கால், முத்தில் கயிறு, பொன்னில் பலகை. ஆபீஸுக்குப் போகிற வழியில் நூறு தடவையாவது இந்தச் சிவப்புக் கால்களைக் கடந்திருப்பேன், எனக்கு இது தோன்றியதில்லை. மன்னர் அதை நினைத்துத்தான் சிவப்பு அடித்தார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆச்சிக்கு அதில் சந்தேகமே இல்லை.

சாலையைக் கடந்தால் தேவஸ்தான். அதுவும் 1784இல் கட்டியதே. வெள்ளைச் சுவரோடு மூன்று சன்னதிகள்: சிவன், பிள்ளையார், பெருமாள். கோபுரம் கிடையாது, பார்த்தால் வீடு மாதிரிதான் இருக்கிறது. சிவன் சன்னதியில் வெண்கலத்தில் ஆளுயரச் சிவன் இரு கைகளையும் உயர்த்தி வரம் தருகிற கோலத்தில் நிற்கிறார். லிங்கத்தையும் நடராஜரையும் பார்த்துப் பழகிய ஆச்சிக்கு அவரை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. சன்னதியின் நடுவில் ஆளை விடக் கொஞ்சம் உயரமாக இரண்டு தூண்கள். விழாவின்போது சுவாமியை வைத்து ஆட்டுகிற சின்ன ஊஞ்சலுக்கானவை.

ஆச்சி அந்தத் தூண்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். 'ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெரும் சோதியை' என்று தொடங்கி, முணுமுணுப்பாக, கையால் தொடையில் தாளம் போட்டபடி பாடினாள். ஒவ்வொரு பாட்டும் 'ஏலோர் எம்பாவாய்' என்று முடியும்போது மட்டும் குரல் சற்று உயர்ந்தது. இங்குள்ள பிராமணர்கள் ஓதுகிற பாட்டுக்கு 'லோரி பாவாய்' என்று பேர் வந்ததே அந்த முடிப்பிலிருந்துதான். தலைமுறை தலைமுறையாக வாய்மாறி வந்ததில் சொற்கள் தேய்ந்துவிட்டன. நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது.

வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நின்று கேட்டார். பாட்டு முடிந்ததும் என்ன பாட்டு என்று என்னைக் கேட்டார். தூண்களைக் காட்டி, "திருவெம்பாவை" என்றேன்.

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, சின்னப் பிள்ளைக்குத் திருத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "த்ரி... யம்... பவாய்."

ஆச்சி பலமாகத் தலையாட்டினாள். "ஆமாய்யா, அதேதான்" என்று அவருக்குத் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினாள்.