கறுவலின் மூத்திரம் என்ன நிறம்?

எங்கள் நாய் கறுவல் மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. வெயிலுக்குத்தான் என்று விட்டுவிட்டேன். திருகோணமலை உவர்மலையில் சித்திரை வெயிலுக்கு மனிசருக்கே சாப்பாடு இறங்காது. நாலாம் நாள் உடம்பு கொதித்தது. அரைக் குளிசை பரசிட்டமோலைச் சோற்றில் பிசைந்து வைத்தேன். நல்ல காலம், அதையும் தின்னவில்லை.

இங்கே பார்த்த மிருக வைத்தியர், "இரத்தம் சோதிக்கவேணும், பேராதனைக்குக் கொண்டுபோங்கோ" என்றார்.

நாயை பஸ்ஸில் ஏற்ற ஏலாது. சித்தப்பாவின் வானில் விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டோம். ஹபரணைக் காட்டில் யானை ஒன்று றோட்டை மறித்து நின்றது. கறுவல் தலையைக்கூடத் தூக்கவில்லை. பூனையைக் கண்டாலே மதில் பாயிற நாய். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

பேராதனை கம்பஸின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையில் முதலில் வந்தது டொக்டர் அல்ல, மாணவர்கள். நாலு பேர் மேசையைச் சுற்றி நின்று கேள்விமேல் கேள்வி. என்ன சாப்பாடு, பூச்சிக் குளிசை எப்போது கொடுத்தது, விசர்நாய்த் தடுப்பூசி போட்ட திகதி என்ன? நித்திரை இல்லாமல் வந்த களைப்பில் எனக்குச் சினம் வேறு. பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று கேட்டது: "அண்ணா, மூத்திரம் என்ன நிறம்?"

எங்கள் வளவு மணல். பெய்த நிமிடமே உறிஞ்சிவிடும், யார் பார்த்தது? அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.

"கேற்றடிச் சீமெந்தில ரெண்டு நாளா பிளேன்டீ ஊத்தின மாதிரிக் கிடக்குது. நீதான் ஊத்தினாயெண்டு நினைச்சன்."

சிவப்பணுக்கள் உடைந்து போகிற நிறமாம் அது. கறுவலுக்குப் பல் முரசும் கறுப்பு, அதில் இரத்தம் குறைந்தது தெரியாது. அந்தப் பிள்ளை கீழிமையை இழுத்துக் காட்டினா. கழுவின நுங்கு மாதிரி வெள்ளை. காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டை கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, என்னையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கவிட்டார்கள். வெளிறிய வட்டங்கள், சிலவற்றுக்குள் பேனாவால் குத்தின மாதிரி ஊதாப் பொட்டு. பபேசியா என்கிற கிருமி. உண்ணி கடித்து வருவது. இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நாய்க்கு ஏறக்குறைய 37 வீதத்துக்குக் குறையக்கூடாதாம். கறுவலுக்கு 17.

விரிவுரையாளர் மாணவர்களைத்தான் குடைந்தார், பரசிட்டமோல் கதை வரும்வரை. பிறகு என் பக்கம் திரும்பினார். நாய்க்கு ஈரலைப் பழுதாக்குமாம், பூனைக்கென்றால் ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடுமாம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்சிசைக்கிளின், கிளின்டாமைசின், மெட்ரோனிடசோல் என்று மூன்று மருந்து, நிறை பார்த்து அளவு. கிருமி முழுதாகப் போகாமல் ஒளிந்திருந்து திரும்பவும் வரலாம் என்றார்கள்.

அம்மா உண்ணி பொறுக்கி மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் போடுவா, அதோடு அலுவல் முடிந்தது என்று இருந்தோம். இரத்தம் குடித்த உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். வீட்டுக்கு வந்ததும் கூட்டுக்குப் பின்சுவரை டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பு முழுக்க மிளகு கொட்டின மாதிரி. அடுத்த நாளே மருந்தடித்துச் சீமெந்து பூசினேன்.

கறுவல் இப்போது சோறு தின்கிறான், மீன்தலை இருந்தால் மட்டும். அம்மா விடிய எழும்பினால் முதலில் கேற்றடிச் சீமெந்தைப் பார்க்கிறா. பிறகுதான் முற்றம் கூட்டுவது.