பத்து மில்லி பால் போன வழி

பெரியப்பா ஊரில் பால் எடுக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கே திண்ணையில் எலக்ட்ரானிக் தராசு வந்துவிடும். கணக்கெல்லாம் நாற்பது பக்க நோட்டில். வீட்டிலிருந்தே வேலை என்று ஊரில் உட்கார்ந்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்னுமா பெரியப்பா நோட்டு?" என்று ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதி, சீட்டு அடிக்கும் குட்டி பிரின்டரையும் மாட்டிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் ராஜ மரியாதை. அப்புறம்தான் ஒத்தை மாட்டுப் பாட்டி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று சீட்டுகளைத் திண்ணையில் வரிசையாக வைத்தார்.

"ஏய்யா, தராசுல 4.35. சீட்டுல 4.34. பத்து மில்லி எங்கய்யா போச்சு?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் பிரின்டரைப் பார்த்தேன்.

"மேலத்தெருக்காரிக்கு மட்டும் 4.25ன்னா 4.25ன்னே வருது. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு வேறு. சரி, லேப்டாப்பைத் திறந்தேன்.

தசமத்தில் கணக்கு வைத்தால் பிசகும், முழு எண்ணாக மாற்றி வை என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் லிட்டரை நூறால் பெருக்கி, முன்னால் 'இன்ட்' (முழு எண்ணாக்கு என்று ஜாவாவுக்குச் சொல்லும் சொல்) போட்டு வைத்திருந்தேன். பிசகு அங்கேதான் குந்தியிருந்தது. 'டபுள்' என்ற தசம எண் வகையில் இருந்த 4.35ஐ நூறால் பெருக்கினால் ஜாவாவுக்குக் கிடைப்பது 434.99999999999994. 'இன்ட்' அதைக் கிட்டத்திலிருக்கும் எண்ணுக்குத் தள்ளாது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே வெட்டி எறிந்துவிடும். 434.

மேலத்தெரு 4.25 ஏன் தப்பித்தது? கணினி இரண்டிரண்டாகப் பிளந்தே கணக்குப் பார்க்கும். பாட்டி காலத்து அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலேகாலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்றால்தான் தடுமாறும். பாட்டியின் வாய்ப்பாட்டைப் படித்த மெஷின் பாட்டியையே ஏமாற்றியிருக்கிறது!

வெட்டுவதற்குப் பதில் முழுமையாக்கலாம் என்று 'மேத் ரவுண்ட்' போட்டேன். உடனே சிவப்புக் கோடு: ரவுண்ட் தருவது 'லாங்' என்ற பெரிய முழு எண், அதைச் சின்ன 'இன்ட்'டில் வைத்தால் இழப்பு வரலாமாம். பத்து மில்லியைத் தூக்கிக் கொடுத்தபோது வாயே திறக்காத ஜாவா, நான் திருந்தும்போது உபதேசம் செய்கிறது. நியாயமாகப் பார்த்தால், 'இன்ட்' என்று கைப்படப் போட்டதே 'எல்லாம் என் பொறுப்பு, நீ சும்மா இரு' என்று கையெழுத்துப் போட்டதுதான். எண்ணை வைத்திருக்கும் மாறியையே (வேரியபிள்) லாங்காக மாற்றினேன். சீட்டில் 4.35 வந்தது.

லிட்டர் நாற்பது ரூபாய். ஒரு சீட்டுக்கு நாற்பது பைசா, மூன்றுக்கு 1 ரூபாய் 20 பைசா. நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் பாட்டியே சொல்லிவிட்டார். பெரியப்பா இரண்டு ரூபாய் நாணயத்தை நீட்டி, "மீதியை வச்சுக்கங்க ஆத்தா" என்றார்.

"ஓசிக் காசு எனக்கெதுக்கு? எம்பது பைசாவுக்கு இருபது மில்லி. நாளைக்குச் சேர்த்து ஊத்துறேன், அதுக்குத் துட்டு போட்டுறாத" என்று நாணயத்தை முடிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை தராசில் 4.37.