பழைய மஷ்ரூம், புதிய மஷ்ரூம்: சண்டைக்குள் இருக்கும் தாளக் கணக்கு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் சீசன் தொடங்கினால், சைட்ரான்ஸ் என்கிற வேகமான மின்னிசை கேட்கிற கூட்டத்துக்குள் இன்ஃபெக்டட் மஷ்ரூம் என்ற இஸ்ரேலிய இரட்டையரைப் பற்றிய பழைய வாக்குவாதமும் தொடங்கிவிடும். "பி.பி. எம்பயரோட எல்லாம் முடிஞ்சுது, பிறகு வந்ததெல்லாம் காசுக்குச் செய்தது" என்று, அவர்களின் 2001 அல்பத்தைச் சொல்லி, ஒரு பக்கம். "ஒரே அடியை எத்தனை வருசத்துக்குக் கேக்கிறது?" என்று மற்றப் பக்கம். இன்ஃபெக்டட் மஷ்ரூம் மாறியது உண்மை. எது மாறியது என்று காதால் பிரித்துப் பார்க்காமல் சண்டை பிடிப்பதுதான் பிரச்சினை.

முதலில் அடித்தளம். 1996இல் ஹைஃபா நகரில் எரெஸ் ஐசனும் அமித் டுவ்டெவானியும் தொடங்கிய இந்த இரட்டையரின் முதல் மூன்று அல்பங்களும் (1999, 2000, 2001) கிக்குக்கும் (அடித்தாளம் போடும் பெரிய டிரம்) பேஸுக்கும் (கீழே ஓடும் தாழ்ந்த சுரம்) இடையிலான ஓர் ஒப்பந்தத்தில் நிற்கின்றன. 'தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். 'த' விழும் இடத்தில் கிக், 'கதிமி' மூன்றிலும் பேஸ். நிமிடத்துக்கு 145 அடி என்றால் ஒரு அடி 414 மில்லிசெக்கன், 'தகதிமி'யின் ஒவ்வோர் எழுத்துக்கும் 103 மில்லிசெக்கன். பேஸின் சுருதி 43.65 ஹேர்ட்ஸ் (எஃப்) என்றால் ஒரு அலை முடிய 23 மில்லிசெக்கன் வேண்டும். ஆக ஓர் எழுத்துக்குள் நாலரை அலைக்குத்தான் இடம்.

இவ்வளவு நெருக்கடியான இடத்தில் சின்னப் பிழையும் பெரிதாகக் கேட்கும். கிக்கின் வால் 103 மில்லிசெக்கனைத் தாண்டினால் முதல் பேஸோடு மோதி, இரண்டும் சேர்ந்து குழம்பாகிவிடும். சிந்தசைசரில் அலை ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் இருந்து தொடங்கும்படி வைக்காவிட்டால் மூன்று பேஸும் மூன்று விதமாக ஒலிக்கும், ஓட்டம் நொண்டும். பேஸில் எதிரொலி போட்டால் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டிய இடைவெளியே செத்துப்போகும். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் சிந்தசைசரில் ஒரே ஒரு சோ அலை (ரம்பப்பல் வடிவ அலை), மோனோ (ஒரு நேரத்தில் ஒரு சுரம்), சஸ்டெய்ன் (ஒலி நிலைத்து நிற்கும் அளவு) பூச்சியம், டீகே (ஒலி தேயும் நேரம்) 80 முதல் 100 மில்லிசெக்கன் என்று தொடங்கி, மேல் ஒலிகளை வெட்டும் ஃபில்ட்டரைக் காதுக்கு ஏற்றபடி திறக்கலாம். பழைய ரசிகர் "இறுக்கம்" என்று சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

இன்னொன்று, அந்த பேஸ் பெரும்பாலும் ஒரே சுரத்தில் நிற்கும். சுருதிப்பெட்டி மாதிரி. மேலே எது வந்து போனாலும் கீழே நிலம் அசையாது. ஏழெட்டு நிமிடம் கேட்டு மயங்குவதற்கு அந்த அசையாமைதான் காரணம் என்பது என் எண்ணம்.

பிறகு நடந்ததை ஒரே வெட்டாக நினைப்பது தவறு. 2003இல் வந்த 'கன்வேர்ட்டிங் வெஜிடேரியன்ஸ்' இரண்டு தட்டு. ஒன்று ட்ரான்ஸ், மற்றது வேகம் குறைந்து, குரல் நுழைந்து, பாட்டாக நகர்கிற "மற்றப் பக்கம்". பழைய ரசிகர் பலர் முதல் தட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 2012 அல்பத்தைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தவர்கள் அந்த இரண்டாம் தட்டை ஒழுங்காகக் கேட்டிருந்தால் அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். 2004இல் டுவ்டெவானியின் குரல் முன்னுக்கு வந்தது. 2007இன் 'விஷியஸ் டிலிஷியஸ்' கிற்றாரை முன்னுக்குக் கொண்டுவந்தது. கோர்ட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) நகர்ந்தன, அதோடு சுருதிப்பெட்டி நின்றது. உண்மையான பிரிவு அங்கேதான் நடந்தது என்பேன். 2009 அல்பத்தில் கோர்ன் என்ற ரொக் குழுவின் ஜொனதன் டேவிஸ் பாடினார். ரொக் கேட்கிறவர்கள் உள்ளே வந்தார்கள், கோவா ட்ரான்ஸ் வழி வந்தவர்கள் பலர் வெளியே போனார்கள்.

2012இன் 'ஆர்மி ஒஃப் மஷ்ரூம்ஸ்' டப்ஸ்டெப்புக்குள் (உறுமும் பேஸ் கொண்ட இன்னொரு மின்னிசை வகை) இறங்கியபோது "வேகம் போச்சு" என்றார்கள். இதை எண்ணித்தான் பார்க்கவேண்டும். டப்ஸ்டெப்பும் வழக்கமாக நிமிடத்துக்கு 140 அடிதான், பழைய சைட்ரான்ஸுக்குப் பக்கத்தில். மாறியது ஸ்னேர் (கூர்மையாக வெடிக்கிற டிரம்) விழும் இடம். பதினைந்து செக்கன் எடுத்து எண்ணுங்கள். ட்ரான்ஸில் அடிக்கு ஒரு கிக், 35 வரும். டப்ஸ்டெப்பில் நான்கு அடிக்கு ஒரு ஸ்னேர், மூன்றாம் அடியில். எட்டோ ஒன்பதோதான் வரும். கோணேசர் கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்தவருக்கு இது புதிதில்லை: லயம் அப்படியே இருக்க, இரண்டாங்காலத்தில் இருந்து முதற்காலத்துக்கு இறங்குவது. பேஸும் 'கதிமி' வெட்டை விட்டு நீண்ட சுரமாகி, ஃபில்ட்டர் அசைவால் உறுமத் தொடங்கியது. ஆடுகிற காலுக்கு அது வேறு உலகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோம்பலால் வந்த மாற்றம் இல்லை.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் தீர்ப்பை மாற்றும். பெரும்பாலான போன் ஸ்பீக்கர்கள் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அங்கே பழைய அல்பங்கள் எலும்பும் தோலுமாகக் கேட்கும். டப்ஸ்டெப்பின் உறுமல் நடுப்பகுதியில் இருப்பதால் பெரிதாகக் கேட்கும். கடற்கரையில் சப் பொக்ஸோடு (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டால் பழையது எழுந்து நிற்கும். அதற்கும் பொக்ஸைச் சரியாக வைக்கவேண்டும். 45 ஹேர்ட்ஸ் அலை ஒன்று ஏறத்தாழ 7.7 மீற்றர் நீளம். சப் இரண்டையும் மேடையின் இரு ஓரத்திலும் பிரித்து வைத்தால், ஒன்றைவிட மற்றது 3.8 மீற்றர் தள்ளி இருக்கிற இடத்தில் நிற்பவருக்கு பேஸ் அறுந்துபோகும். சுவரில்லாத மணல்வெளியில் அதை ஈடுகட்ட எதுவும் இல்லை. இரண்டையும் நடுவில் ஒட்டி வையுங்கள்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது புதியதன் சத்தத்தைக் குறைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள். பிந்திய பதிவுகள் கூடிய சத்தத்துக்கு இறுக்கப்பட்டவை. சத்தம் கூடியதையே நல்லதென்று காது எடுத்துக்கொள்ளும்.

2017இல் 'ரிற்றேர்ன் ரு த சோஸ்' வந்தபோது கோபித்துக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். 'தகதிமி' திரும்பி வந்தது, அதனால். ஆனால் ஹெட்போன் போட்டு கிக்கையும் பேஸையும் மறந்து மேலே ஓடுவதை மட்டும் கேளுங்கள். அந்த உறுமலும் வெட்டி ஒட்டிய ஒலித்துண்டுகளும் 2001இல் இந்த அளவுக்கு இல்லை. திட்டு வாங்கிய வருசங்களில் பழகிய கை அது.