டயபெட்டிஸ் என்று எழுதினால் மட்டும் போதாதாம்

மகனுக்கு வயது 15, உயர்நிலை 3. இரண்டு வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தான். இரவில் மூன்று தடவை பாத்ரூம். பள்ளிக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. காற்பந்துப் பயிற்சி, வெயில், வளர்கிற பிள்ளை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாந்தி ஆரம்பித்த பிறகுதான் புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்குக்கு ஓடினோம். ஐந்தே நிமிடம். கேஸ்ட்ரிக், இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), நிறைய ஹண்ட்ரட் பிளஸ் பானம் குடிக்கட்டும் என்றார் டாக்டர். நானும் ஆறு பாட்டில் வாங்கிவந்து ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை ஏறிக் கிடக்கிற பிள்ளைக்கு என் கையாலேயே சர்க்கரைத் தண்ணீர்!

மறுநாள் விடியற்காலையில் மேல்மூச்சு வாங்கியது. வாயில் அழுகிய பழ வாடை. டாக்சி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனோம். விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள், மீட்டரில் 28. அந்த ஒரு துளியை முதல் நாளே எடுத்திருக்கலாமே என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் கூச்சப்படாமல், "சர்க்கரை பாருங்கள்" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

கீட்டோஅசிடோசிஸ், அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்தான நிலை. டைப் 1 நீரிழிவு. ஆறு நாள் வார்டில் இருந்தோம். ஊசி போடவும் சோற்றுக்கு மாவுச்சத்து கணக்குப் பார்க்கவும் நர்ஸ் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

இதற்கிடையே காரைக்குடியிலிருந்து மாமியாரின் போன். அவருக்கே இருபது வருடச் சர்க்கரை. "இருபத்தெட்டா? ரொம்ப இறங்கிப்போச்சே, உடனே சீனியை வாயில போடும்மா!" என்று பதறினார். ஊரில் வேறு அளவு, mg/dL. இங்கே சிங்கப்பூரில் mmol/L. இங்கே வரும் எண்ணை 18-ஆல் பெருக்கினால்தான் அவர்கள் கணக்கு. 504 என்றதும் அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம், நான் மைலோ கொடுத்துக் கெடுத்ததாக ஒரு குற்றச்சாட்டு. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது, இனிப்பு தின்றதால் வருவதில்லை என்று டாக்டர் சொன்னதை நாலு தடவை சொல்லியிருப்பேன்.

உண்மையான இழுபறி பள்ளியில்தான். அவன் கையில் ஒட்டிய சென்சார் 14 நாள் வரும். சர்க்கரை அளவு அவன் போனுக்கு வரும், அதன் வழியாக என் போனுக்கும் வரும், 4-க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும். பள்ளியிலோ போன் லாக்கரில் இருக்க வேண்டும். பள்ளிக்கு டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை, அதாவது மெமோவை, கொண்டுபோனேன். டைப் 1 நீரிழிவு, இன்சுலின் எடுக்கிறார் என்று அழகாக எழுதியிருந்தது. ஆபீசில் இருந்தவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதில் போன் பற்றி ஒன்றும் இல்லையே மேடம்" என்றார். அரைநாள் லீவு அதோடு போயிற்று. புது மெமோவுக்கு ஒரு வாரம் ஆகும், கட்டணமும் தனி என்றது மருத்துவமனை.

அந்த வாரத்திலேதான் அது நடந்தது. போன் லாக்கரில், சென்சார் மைதானத்தில். எட்டாத தூரம் என்பதால் என் போனிலும் எண் வரவில்லை. உடற்கல்வி வகுப்பில் கை நடுங்கவும் அவனே போய் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்திருக்கிறான். 3.1. நண்பன் ஓடிப்போய் பாக்கெட் ஜூஸ் வாங்கி வந்தான். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடியும் குத்து. வார்டில் கற்றதை அப்படியே செய்திருக்கிறான். சாயங்காலம் சாவகாசமாகச் சொல்கிறான், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது மெமோவில் எல்லாவற்றையும் எழுதி வாங்கினேன்: போன் எப்போதும் கூடவே, வகுப்பில் சாப்பிடலாம், கேட்டவுடன் கழிவறைக்குப் போகலாம், ஊசியைப் பையில் வைத்துக்கொள்ளலாம், சர்க்கரை இறங்கியிருக்கும்போது தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. ஆபீசில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதே ஆள்தான்.

அடுத்த ஆண்டு தேசியத் தேர்வு. போன், ஜூஸ் எல்லாம் தேர்வறைக்குள் போக பள்ளி வழியாகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், மறுபடியும் மெமோ. இந்தத் தடவை என்னென்ன வேண்டும் என்று ஆபீசில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் டாக்டர் அறைக்குள் நுழைவேன்.