பின் சுவரின் ஓட்டைகள்

சென்னைத் தியேட்டர்களில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். ஆனால் ஒரு படத்தைக்கூட நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. புரொஜெக்டர் மெக்கானிக்குக்கு இடம் பின்னால், கேபினில். எல்லாரும் தியேட்டரை முகப்பிலிருந்து பார்ப்பார்கள். எனக்கு எல்லாத் தியேட்டரும் பின்புறத்து இரும்புப் படியிலிருந்துதான் ஆரம்பம்.

அந்தப் படி ஏன் வெளியே இருக்கிறது என்று முதல் இரண்டு வருடம் நான் யோசித்ததே இல்லை. மழையில் லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கட்டியவனைத் திட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தவர் வடசென்னையில் ஒரு பழைய தியேட்டரின் ஆபரேட்டர். "தம்பி, உள்ள நெருப்புப் புடிச்சா ஜனங்க பக்கம் போகக் கூடாது, நம்ம பக்கம் போனா பரவாயில்லைன்னு கட்டியிருக்கான்" என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். 1950களின் தொடக்கம் வரை படச்சுருள் பெரும்பாலும் நைட்ரேட் என்கிற, சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். தீ பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 1918-இல் வந்த சினிமாட்டோகிராப் சட்டத்துக்குத் தணிக்கை எவ்வளவு முக்கியமோ, தீப்பாதுகாப்பும் அவ்வளவு முக்கியம். அதனால்தான் கேபினுக்குத் தடித்த சுவர், தனி வாசல். படம் போகும் சதுர ஓட்டைக்கு மேல் ஓர் இரும்புத் தகடு கயிற்றில் தொங்கும். கயிற்றின் நடுவே சூட்டில் உருகும் ஒரு சின்ன உலோகத் துண்டு. தீ வந்தால் அது உருகும், தகடு விழும், ஓட்டை அடைபடும். கரண்ட் வேண்டாம், ஆளும் வேண்டாம். இதைவிட நல்ல கருவியை நான் கேபினில் பார்த்ததில்லை.

அந்த வடசென்னைத் தியேட்டரில் ஒரு நாள் விளையாட்டாகக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன். தகடு அசையவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கிற போதெல்லாம் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்து அடித்து ஓட்டையின் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. "அண்ணே, இதை யாரும் இறக்கிப் பார்த்ததே இல்லையா?" என்று கேட்டேன். அவர் அடுத்த கார்பனைச் செருகிக்கொண்டே, "இறக்கிட்டா படம் யாருடா காட்டுறது?" என்றார்.

கார்பன் என்றால் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. செம்புப் பூச்சுள்ள இரண்டு குச்சிகள், நடுவே எரியும் வெளிச்சம். குச்சி தேயத் தேய இடைவெளி கூடும். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து அதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் திரையில் கதாநாயகி மஞ்சளாகிவிடுவாள், தரை டிக்கெட்டிலிருந்து விசில் வரும். புகை போக மெஷினுக்கு ஒன்றாகக் கூரையில் குழாய். தெருவில் போகும்போது நிமிர்ந்து அந்தக் குழாய்களைப் பார்த்தே இது பழைய தியேட்டர் என்று சொல்லிவிடுவேன். கார்பனுக்குப் பதிலாகச் செனான் விளக்கு வந்த பிறகும் பல இடங்களில் குழாயை எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

இப்படிப் பின்னாலிருந்தே ஊரின் சினிமாச் சரித்திரம் எனக்குப் பாடமாயிற்று. அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இன்றும் நிற்கும் எலெக்ட்ரிக் தியேட்டர், 1913-இல் வார்விக் மேஜர் கட்டியது. மின்சாரம் அப்போது பெயர்ப்பலகையில் போட்டுப் பெருமைப்படுகிற சமாச்சாரம். அடுத்து சினிமா முன்னோடி ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியான கினிமா சென்ட்ரல் பின்னால் முருகன் தியேட்டர் ஆயிற்று. படம் பேசத் தொடங்கியதும் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வந்தது, கேபின் மட்டும் அப்படியே இருந்தது. 1964-இல் சபையர் வந்தபோது ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். அதில் ப்ளூ டயமண்டில் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். வெயிலுக்கு ஏ.சி.யில் தூங்கவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. சபையரை 1994-இல் இடித்தார்கள். நியூ எல்பின்ஸ்டன் தியேட்டர் இருந்த இடத்தில் வணிக வளாகம். கெயிட்டியும் போய்விட்டது.

டிஜிட்டல் வந்த வருடங்களில் என் வேலை தலைகீழானது. பொருத்திய மெஷின்களை நானே கழற்றினேன். எண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்துக்கொண்ட புரொஜெக்டரைக் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் எடுத்துப் போனார். வருத்தம் உண்டா என்று கேட்பார்கள். முதுகு வலி குறைந்தது என்பதுதான் முதல் பதில்.

அந்த வடசென்னைத் தியேட்டரை இடிக்கும்போது, மிச்சச் சாமானை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். திரை இருந்த சுவர் முன்பே போயிருந்தது. பால்கனியும் இல்லை. தடித்த சுவர் என்பதால் கேபினை மட்டும் கடைசிக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஏறிப்போய் ஓட்டை வழியே பார்த்தேன். நேரே தெரு. ஒரு பஸ் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மத்தியானம் சுவரை உடைத்தபோது தகடு சட்டத்திலிருந்து விட்டு, டணார் என்று தரையில் விழுந்தது. கடைக்காரர் அதைத் தராசில் வைத்தார். 11 கிலோ. "பெயின்ட்டு கனம் கழிச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். சரி என்றேன்.