காலை ஊன்றினால் புள்ளி போச்சு

ட்ரயல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வேகத்துக்கு வேலையில்லை. பாறையோ சேறோ, காலை ஊன்றாமல் ஏற வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 தண்டப் புள்ளி, இருமுறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஆனாலும் 3, ஏறாமல் போனால் 5. நம்ம பக்கம் கேஸ் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழையில் தோட்டத்து மேல் டிவிஷன் கல் ரோட்டில் பாதி கிளச்சில் ஏறும் பொடியன்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. ஊன்றினால் சிலிண்டர் உருண்டுவிடும்!

பழைய ட்ரயல்ஸ் என்றால் எனக்கு 1965தான். சாமி மில்லர் என்ற வீரர் அதுவரை ஓட்டிய பிரிட்டனின் 500 சிசி ஏரியலை விட்டுவிட்டு, ஸ்பெயினின் 244 சிசி புல்டாகோ ஷெர்பாவில் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரயலை ஜெயித்தார். கனமான பிரிட்டிஷ் வண்டிகளின் கதை அதோடு முடிந்த மாதிரிதான்.

இன்றைய தொழில் நிலைமை? 2024 நவம்பரில் ஆஸ்திரியாவின் பைக் கம்பெனி கேடிஎம் கடனில் மூழ்கி நீதிமன்றப் படியேறியது. ட்ரயல்ஸ் வண்டி செய்யும் காஸ்காஸும் அதன் கையில்தான். கடைசியில் காசு போட்டுத் தூக்கிவிட்டது நம்ம த்ரீவீலர் பஜாஜ்!

இங்கே இலங்கையில் 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடை 2025இல் நீங்கியது. ஆனால் வரி அதிகம். அதனால் பழசையே தட்டிக்கொட்டி ஓட்டுகிறோம். ஹட்டன் பக்கம் யாரிடமாவது ஹோண்டா எம்.டி. 90 பைக்கின் கார்புரேட்டர் இருந்தால் இன்பாக்ஸ் வாங்க.