அப்பா வீட்டு ஃப்ரீசர்: அக்டோபர் குறிப்புகள்

2025 அக்டோபர் 4, சனி

அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. அப்பா கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், புதுச்சேரிக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் "இங்கயே இருக்கேம்மா" என்ற ஒரே பதில்தான். மதியம் தெருமுனை மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்துவிடும். ராத்திரிதான் கஷ்டம். போன வாரம் போனபோது மூன்று நாளாக ராத்திரிக்கு பன்னும் பாலும்தான் என்று தெரிந்தது. வயது எழுபத்து மூன்று, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். மனசு கேட்கவில்லை.

அதனால் இன்று காலை விழுப்புரம் ரோட்டில் இருக்கும் ஹோல்சேல் கடைக்குப் போனேன். உறைந்த சாப்பாட்டுக்கென்றே ஒரு சுவர் நீளத்துக்கு ஃப்ரீசர் வைத்திருக்கிறார்கள். இதுவரை பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் எடுக்க மட்டும்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். இன்று ஒரு மணி நேரம் நின்று ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்தேன். மனதில் இருந்தது ஒரே கேள்வி: அப்பா தனியாக, எண்ணெய்ச் சட்டி வைக்காமல், பத்து நிமிடத்தில் இதைச் செய்து சாப்பிட முடியுமா?

இந்தக் கேள்வியிலேயே உருளைக்கிழங்கு ஃப்ரை, சமோசா, ஸ்ப்ரிங் ரோல் எல்லாம் போய்விட்டன. புரட்டாசி என்பதால் கோழி பாக்கெட்டுகளைத் தொடவே இல்லை, அப்பா இன்று விடியற்காலையில் திருவந்திபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்திருக்கிறார். சோறும் பன்னீர் கறியும் சேர்ந்த டப்பா ஒன்று பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் அதில் போட்டிருந்த சோடியம் கணக்கு பயமுறுத்தியது. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள், அதாவது உப்பாக 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு டப்பாவே பாதி நாள் கணக்கைத் தின்றுவிடும். வைத்துவிட்டேன்.

கடைசியில் எடுத்தது பச்சைப் பட்டாணி 2 கிலோ, ஸ்வீட் கார்ன் 1 கிலோ, துருவிய தேங்காய் நாலு பாக்கெட், பரோட்டா இரண்டு, சப்பாத்தி இரண்டு.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பட்டாணி பாக்கெட்டைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். கோலிக்குண்டு மாதிரி தனித்தனியாக உருள வேண்டும். கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் எங்கேயோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பனித்தூள் நிறைய ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். இந்தச் சரக்கு ஆலையிலிருந்து கடை வரை மைனஸ் 18 டிகிரியிலேயே இருக்க வேண்டியது. உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். சூடு ஏறினால் எழுந்துகொள்ளும்.

அக்டோபர் 5, ஞாயிறு

கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்றே எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் பழைய தெர்மகோல் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, கழுவி வெயிலில் காயவைத்திருந்தேன். ராத்திரி முழுக்க எங்கள் ஃப்ரீசரில் கிடந்த பாக்கெட்டுகளை அதில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, மேலே பழைய செய்தித்தாள் மடித்து வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் காரில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தபோதும் பட்டாணி குலுங்கியது.

அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பரோட்டாவை வெளியே எடுத்து உருக வைக்கக் கூடாது, நேராகச் சூடான தோசைக்கல்லில் போட வேண்டும், நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். உருகவிட்டால் மாவு பிசுபிசுவென்று பரோட்டாக்களுக்கு நடுவே இருக்கும் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வெந்ததும் துணியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் அடுக்கு பிரியும். தாளைப் படித்துவிட்டு, "இது என்ன ராக்கெட்டா, பண்ணிடலாம்" என்றார்.

அக்டோபர் 11, சனி

ஒரு வாரம் ஆயிற்று, தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் போட்டு என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

பட்டாணிதான் முதலிடம். நான் இதை இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பனிக்காலத்துப் பட்டாணியை உரித்து, கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, உடனே வேகமாக உறைய வைக்கிறார்கள். மெதுவாக உறைந்தால் காய்க்குள் பெரிய பனித்துண்டு உண்டாகி உள்ளே கிழித்துவிடும், வேகமாக உறைந்தால் அப்படி ஆவதில்லை, அதனால்தான் நாலு நிமிடத்தில் வெந்தாலும் குழைவதில்லை. பாக்கெட்டில் பட்டாணியைத் தவிர வேறு எதுவும் இல்லை, உப்புகூட இல்லை. உப்புமாவில் ஒரு கைப்பிடி, சேமியாவில் ஒரு கைப்பிடி, வியாழக்கிழமை வெறுமனே கடுகு தாளித்துத் தேங்காய்த் துருவல் போட்டுச் சுண்டல். சுண்டல் நன்றாக இருந்தது என்று இரண்டு தடவை சொன்னார்.

தேங்காய்த் துருவலும் அதே மாதிரி. அப்பாவுக்கு வலது கை மணிக்கட்டில் வலி, தேங்காய் உடைத்துத் துருவ முடியாது, அதனாலேயே சட்னி என்ற பேச்சே இல்லாமல் இருந்தது. இப்போது இரண்டு ஸ்பூன் எடுத்துப் பொட்டுக்கடலையோடு மிக்ஸியில் ஒரு சுற்று. உடைத்த தேங்காயின் வாசம் அதில் இல்லை. ஆனாலும் சட்னி சட்னிதான்.

பரோட்டா நன்றாகவே வந்தது, ஆனால் மைதாவும் எண்ணெயும். வாரம் ஒரு நாள் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். வரியில் ஒரு நல்லது: செப்டம்பர் 22 முதல் பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அதுவரை பாக்கெட் பரோட்டாவுக்கு 18 சதவீதம், சப்பாத்திக்கு 5. பழைய விலை அச்சடித்த பாக்கெட் இன்னும் கடையில் இருக்கலாம், பில்லை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்தி சரியில்லை. ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது, பல் கட்டியிருக்கிறவருக்கு அது ஆகாது. இனி வாங்க மாட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று ராத்திரி மழையில் அப்பா தெருவில் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. போனில் அவர் முதலில் சொன்னதே "ஃப்ரீசரைத் திறக்கவே இல்லை" என்பதுதான். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடியே இருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்திருந்தேன், அதுவும் உதவியது. அப்புறம் ஒரு டம்ளர் உறைந்த தண்ணீரின் மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். காசு மேலேயே இருந்தால் எதுவும் உருகவில்லை. கீழே போயிருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். இன்று காலை காசு மேலேதான் இருந்தது.

ஆனால் கடலூரில் இருக்கிறவர்களுக்கு ஐந்து மணி நேரம் ஒரு கணக்கே இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்று அம்மா விரல் விட்டுச் சொல்வாள். அதனால் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை ஃப்ரீசரை மட்டும் நம்ப மாட்டேன். அலமாரியில் நாலு ரிட்டார்ட் பாக்கெட் வைத்திருக்கிறேன், பருப்பு, ராஜ்மா. பையில் அடைத்து உயர் அழுத்தத்தில் வேகவைத்துக் கிருமியைக் கொன்றுவிடுகிறார்கள், ஃப்ரிட்ஜே வேண்டாம். ராணுவத்துக்காக மைசூரு ஆய்வகத்தில் வளர்ந்த தொழில்நுட்பம். உப்பு ஜாஸ்திதான், கரண்ட் இல்லாத நாளுக்கு மட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளிக்கு எங்களோடு இரண்டு நாள் இருந்துவிட்டு அப்பா ஊருக்குப் போய்விட்டார். புரட்டாசி முடிந்ததால் உறைந்த இறால் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார், துறைமுகத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய் சங்கரா வாங்கி வந்து, மஞ்சள் போட்டுக் கழுவி, குழம்பே வைத்துவிட்டாராம். அம்மா வைப்பது மாதிரி வரவில்லை, புளி கூடிவிட்டது என்றார்.

அடுத்த வாரம் கடைக்குப் போகும்போது என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "பட்டாணி தீரப் போகுதும்மா, அப்புறம் அந்தத் தேங்காய் ஆறு பாக்கெட்டா எடுத்துட்டு வா" என்றார்.